ஞானசிங் முத்திரை அழித்த மைக்செட்

மின்சார ஆபீஸ் ஞானசிங்கைப் போல ஒரு சந்தேகப் பிராணியை நான் பார்த்ததில்லை. பெண்டாட்டி குளோரி போடும் சோற்றையே, கல் கிடக்கிறதா என்று கிளறிவிட்டுத்தான் வாயில் வைப்பார். அந்த நாளில் கல்யாணமோ கோயில் கொடையோ, மைக்செட் ஓட வேண்டுமானால் அவர் சோதித்து முத்திரை போட வேண்டும்.

ஆம்பிளிபயருக்குள் இருக்கும் டிரான்ஸ்பார்மரில் கம்பிச் சுற்றுகளுக்கு நடுவே எண்ணெய்த்தாள் இருக்கும். தாள் நைந்தாலோ நனைந்தாலோ லைன் கரண்டு பெட்டிக்கு வரும். அங்கிருந்து மைக்குக்கும், பிடித்தவன் கைக்கும். சீமைக் கம்பெனி ‘சோதித்தது’ என்று அச்சடித்திருந்தாலும், "சோதிச்சவன நீரு பாத்தீரா?" என்று கேட்டுவிட்டு, கரண்டுக் கசிவைக் காட்டும், கைப்பிடி சுற்றும் மெகர் பெட்டியை எடுத்துவிடுவார்.

தோவாளை பகவதியப்பன் பூந்தோட்டத்தை விற்று மைக்செட் வாங்கினார். ஞானசிங் சோதித்து முத்திரையும் போட்டார். பகவதியப்பன் மகிழ்ந்துபோய் அவருக்கு ஒரு வாழைக்குலை கொடுத்துவிட, அது அப்படியே திரும்பி வந்தது. ஆள் பெரிசாக எதையோ எதிர்பார்க்கிறார் என்று பகவதியப்பனுக்கு அன்றே உறுத்தியது. எனக்கும்தான்.

மைக்செட் போன முதல் கல்யாணத்தன்று ஞானசிங் கூப்பிடாமலே வந்து நின்றார். பெட்டியின் துவாரத்தில் பிச்சிப்பூ இதழ் ஒட்டியிருந்தது. மாலை போட்டுப் பூசை செய்தோம், அவ்வளவுதான் என்றார் பகவதியப்பன். ஞானசிங் மெகரைச் சுற்றினார். முந்தாநாள் ஏறி நின்ற முள் இப்போது அடியில் கிடந்தது; உள்ளே எங்கோ கரண்டு கசிகிறது என்று அர்த்தம். தேய்த்து அழித்துவிட்டார் முத்திரையை.

முதல் வேலையே முடங்கினால் பிறகு யார் கூப்பிடுவார்கள்? பகவதியப்பனுக்குக் கண் சிவந்துவிட்டது. எதிர்பார்த்தது கிடைக்காததால் முள்ளை இறக்கிவிட்டான் என்று பந்தல் முழுக்கக் கேட்கக் கத்தினார். கூட்டமும் அவர் பக்கம்தான் சேர்ந்தது.

ஞானசிங் கோபப்படவில்லை. சுவிட்ச் பக்கம் போய் நின்றுகொண்டு, "நான் பொய்யின்னா நீரே மைக்கப் பிடியும். கரண்டு தாறேன்" என்றார்.

பகவதியப்பன் விறைப்பாகக் கையை நீட்டினார். பெண்கள் கூட்டத்திலிருந்து அவர் மனைவி சண்முகவடிவு ஓடிவந்து அந்தக் கையைப் பற்றி இழுத்தாள்.

"தொடாதீங்கோ. பூசையில மஞ்சத்தண்ணி தெளிச்சேன். மூடியத் தூக்கி உள்ளயும் தெளிச்சேன். நல்லா ஓடட்டும்னுதான்."

ஞானசிங் சட்டைப்பையிலிருந்து, முன்பே கழற்றி வைத்திருந்த பியூஸை எடுத்துக் காட்டினார். கரண்டு கொடுக்கிற எண்ணமே அவருக்கு இருந்ததில்லை.

பகவதியப்பன் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டார். அத்தனை பேர் பார்த்திருக்க, தாலி கட்டி முடியும்வரை சண்முகவடிவு அவர் கையை விடவில்லை.