பத்து மணி அமுக்கமும் நாலு மணி அமுக்கமும்

அரியாலையில் என் பக்கத்து வளவுக்காரர் சுவிசிலிருந்து திரும்பி வந்தபோது ஒரு வானிலைக் கருவி கொண்டுவந்து வீட்டுச் சுவரில் பொருத்தினார். நான் பௌதிகவியல் படிப்பித்து ஓய்வுபெற்றவன். காற்றைப் பற்றியும் மழையைப் பற்றியும் ஒழுங்கையில் எல்லாரும் என்னிடம்தான் கேட்பார்கள். கருவி வந்த பிறகு கடல்நீரேரியில் வலை போடுகிறவர்கள்கூட என் படலையைத் தாண்டி அவரிடம் போனார்கள். காற்றின் அமுக்கம் ஆயிரத்தைந்து மில்லிபாருக்குக் கீழே இறங்கினால் கடலுக்குப் போகவேண்டாம் என்று அவர் சொல்வார். அவர்களும் கேட்டார்கள். எனக்கு வயிறு எரிந்தது.

ஒருநாள் பின்னேரம் நாலு மணிக்கு என்னைக் கூப்பிட்டார். காலை பத்து மணிக்கு வானிலை நிலையம் அறிவித்த அமுக்கத்தைக் கடதாசியில் குறித்து வைத்திருந்தார்: ஆயிரத்துப் பதினொன்று. கருவி அப்போது ஆயிரத்தெட்டு காட்டியது.

"மூண்டு குறையுது மாஸ்ரர். கருவியிலை கூட்டிவிடட்டே?"

கருவியில் பிழையே இல்லை. எங்கள் பக்கத்தில் நாள்தோறும் காலை பத்து மணிக்கு அமுக்கம் ஏறும், பின்னேரம் நாலு மணிக்கு இறங்கும். சுவிசில் அது அவ்வளவாகக் கண்ணில் படாது. ஒரே நேரத்து எண்களை ஒப்பிடுங்கோ என்று ஒரு வசனம் சொன்னால் போதும்.

"ஓம், கூட்டுங்கோ" என்றேன்.

கார்த்திகையில் ஒரு காலை உண்மையான அமுக்கம் ஆயிரத்து நாலு. அவருடைய கருவி ஆயிரத்தேழு காட்டியது. அதைக் கேட்டுப்போன ஒருவர் வலை முழுவதையும் காற்றுக்குக் கொடுத்துவிட்டு, உயிரோடு வந்து, நேரே பக்கத்து வளவு வாசலில் நின்றார்.

"அண்ணை, உந்தப் பெட்டியைக் கழட்டிக் கோழிக்கூட்டுக்கு மேலை வையுங்கோ. கோழியாவது பாக்கும்."

பக்கத்து வளவுக்காரர் தலை குனிந்து நின்றார். வேலிக்கு இப்பால் நின்ற எனக்கு முதலில் வந்தது சந்தோஷம்தான். அதை மறைக்க மாட்டேன்.

வலைக்காரர் என் பக்கம் திரும்பினார். "இனி மாஸ்ரரிட்டைத்தான் கேப்பன்."

இவ்வளவு நாளும் நான் காத்திருந்த சொல் அது. கேட்டுக்கொண்டு நிற்க முடியவில்லை.

"கருவியிலை மூண்டு கூட்டச் சொன்னது நான். பிழையெண்டு தெரிஞ்சுதான் சொன்னனான்."

"ஏன் மாஸ்ரர்?" என்றார் பக்கத்து வளவுக்காரர்.

"நீங்கள் வந்தாப் பிறகு என்னை ஒருத்தரும் கேக்கேல்லை."

வலைக்காரர் என்னை ஒருமுறை பார்த்துவிட்டுச் சைக்கிளை எடுத்துக்கொண்டு போனார். மற்றவர் உள்ளே போய்க் கதவைச் சாத்தினார். அந்த மூன்றை அவர் குறைத்துவிட்டாரோ தெரியாது. கேட்க எனக்கு வாய் வரவில்லை.