எதிரி போட்டுல காணாங்கத்த

எம் மவன் ஒரே ஒரு நாளு இந்த நாட்டுக்கு எதிரியா இருந்தான். காலைல டீ குடிச்சிட்டு எதிரியாப் போனான், மத்தியானம் சோத்துக்கு மவனாத் திரும்பி வந்துட்டான். அதோட முடிஞ்சிதுன்னுதான் நானும் நெனச்சிக்கினு இருந்தேன்.

பெருங்குடில ஒரு கம்பெனி கீது. பட்டாளத்து ஏரோபிளேனுக்கு கண்ணு செஞ்சி குடுக்குற கம்பெனி. பிளேனு மேல போவசொல்ல கீழ தெரியறது லாரியா பஸ்ஸா, மீன் புடிக்கிற போட்டா, சண்டைக்கி வர்ற போட்டான்னு மிசினே பாத்து சொல்லணுமாம். ஓட்றவன் கண்ணுல படறதுக்கு முன்னால அது சொல்லணும். இத்த சோதிச்சிப் பாக்க நெஜக் கடலும் நெஜ போட்டும் வேணும்னு எங்க ஊரூர் குப்பத்துக்கு வந்தாங்க. பர்மிசன்லாம் வாங்கிக்கினுதான் வந்தாங்க.

வந்ததுல ஒரு பெரிய சாரு. மணல்ல பூட்சு போட்டுக்கினு வாத்து மாதிரி நடந்தாரு. கூட ஒரு பொண்ணு, மேக்கு மாம்பலத்துப் பொண்ணு, ஒரு கைல குடை, ஒரு கைல லேப்டாப்பு. குடைய அதுக்குப் புடிக்கல, லேப்டாப்புக்குப் புடிச்சிக்கினு நின்னுச்சி. அப்பவே எனக்கு அத்தப் புடிச்சிப் போச்சி.

"அஞ்சி போட்டு வேணும்மா. நாலு போட்டு மீன் புடிக்கிற போட்டாவே நிக்கணும். ஒண்ணு மட்டும் டார்கெட்டு"ன்னாரு பெரிய சாரு.

டார்கெட்டு எனக்குத் தெரியாதா? எம் மருமவ தி.நகர்ல பொடவக் கடைல நிக்கிறா. காலு வீங்கி ஊட்டுக்கு வர்ற அன்னிக்கெல்லாம் "டார்கெட்டு முடியல அத்தே"ன்னுதான் வந்து குந்துவா.

"சார், எம் மவன் நடுக்கடல்ல யாருக்கு பொடவ விப்பான்?"னு கேட்டேன்.

பொண்ணு வாயப் பொத்திக்கினு சிரிச்சிது. சாரு சிரிக்கல. "டார்கெட்டுன்னா எதிரி போட்டும்மா. பிளேனு தேடிக் கண்டுபுடிக்க வேண்டியது"ன்னாரு.

மீன் புடிக்கிற போட்டுக்கு நான் நீன்னு வந்தாங்க. எதிரின்னதும் குப்பத்துல ஒருத்தனுக்கும் காது கேக்கல. கடைசில எம் மவன் போட்டுதான் கொஞ்சம் நீட்டமா கீதுன்னு அவன் தலைல கட்டிட்டாங்க. போட்டு மேல கருப்பு தார்ப்பாய் போட்டு, முன்னால ரெண்டு பிளாஸ்டிக் பைப்ப பீரங்கி மாதிரி கட்டுனாங்க.

"டேய் நைனா, சண்டைக்கிப் போறியா, எவன் ஊட்லயாவது பாத்ரூம் கட்டப் போறியா?"ன்னேன்.

"யம்மா, தள்ளி நில்லு. எதிரிகிட்ட பேசுனா உன்னியும் புடிச்சிக்கினு போயிடுவாங்க"ன்னான். வாயி எங்கந்து வந்துச்சி, எங்கிட்டந்துதான.

அப்புறம் கடல்ல நடந்தது அவன் வந்து சொன்னதுதான். நாலு போட்டும் அப்பிடியே நிக்கணும், ஆடக்கூடாது, கேமராவுக்கு கொழப்பமாப் பூடும்னு சாரு சொல்லி அனுப்சிட்டாரு. அவனுங்களும் கல்யாண வூட்ல போட்டோ புடிக்க ஒக்காந்த மாதிரி கைய கட்டிக்கினு ஒக்காந்துட்டானுங்க. எம் மவன மட்டும் சுத்திக்கினே இருக்க சொல்லிட்டாங்க. பிளேனு ஒரு வாட்டி வந்துட்டுப் போச்சி, இன்னொரு வாட்டி வந்துட்டுப் போச்சி. அது தூரப் போயி திரும்பசொல்ல, இவன் போட்டுக்குப் பக்கத்துல தண்ணி கொதிக்கிற மாதிரி ஆயிப்போச்சி. காணாங்கத்த மீனு. கூட்டம் கூட்டமா.

"கைக்கெட்டுற தூரம்மா. நான் இன்னா பண்ண?"ன்னான்.

இன்னா பண்ணுவான்? தார்ப்பாய்க்கி அடில வலை கீது. எதிரின்றதே மறந்து போச்சி. எட்த்து வுட்டான். பிளேனு திரும்பி தலைக்கி மேல வரசொல்ல, பைப்பு பீரங்கி மேல ஒரு கால ஊணிக்கினு, கூட இருந்தவனும் இவனும் குனிஞ்சி வலை வலிச்சிக்கினு இருந்தாங்க. மீன்காரனா நிக்க வந்த நாலு பேரும் கை கட்டி வேடிக்க பாத்தானுங்க. மீன் புடிச்சது எதிரி ஒருத்தன்தான்.

அந்த மீனுதான் அன்னிக்கி கொழம்பு. கம்பெனிக்காரங்க எல்லாத்துக்கும் நான்தான் ஊத்துனேன். பெரிய சாரு ரெண்டாவது வாட்டி கேட்டு வாங்கித் துன்னாரு. மாம்பலத்துப் பொண்ணு முள்ளு எடுக்கத் தெரியாம முழிச்சிது, நானே எட்த்துக் குடுத்தேன்.

அதுக்கப்புறம் அந்தப் பொண்ணு ஞாயித்துக்கெயம ஞாயித்துக்கெயம எங்கிட்ட மீன் வாங்க வர ஆரம்பிச்சிது. ஒரு நாளு நான் செதிலு சீவிக்கினு கீறேன், அது குந்திக்கினு சந்தோசமா சொல்லுது: "பாட்டி, உங்க பையன்தான் எங்க டீம்ல ஹீரோ. எதிரி மீன் புடிக்கிற மாதிரி நடிச்சாக்கூட மெஷின் இப்போ கண்டுபிடிச்சிடுது. அன்னைக்கி அவர் வலை போட்டு நடிச்சாரே, அந்தப் படத்த வச்சிதான் கத்துக் குடுத்தோம்."

எங் கை நின்னு போச்சி.

"அவன் நடிக்கல, கண்ணு. மீன் புடிச்சான்."

"இல்ல பாட்டி, அவர்தானே எதிரி போட்டு..."

"நீ அன்னிக்கி முள்ளு தெரியாம துன்னியே, அது எங்கந்து வந்துச்சின்ற? நடிப்புலந்து வந்துச்சா?"

குந்திக்கினு இருந்த பொண்ணு அப்பிடியே மணல்ல ஒக்காந்துடுச்சி.

"மத்த நாலு போட்டுல யாருமே வலை போடலியே பாட்டி"ன்னுச்சி. "வலை போட்டது இவர் ஒருத்தர்தான். இவரத்தான் எதிரின்னு எழுதி வச்சிட்டோம்."

நான் படிக்காதவதான். ஆனா இது புரியறதுக்கு படிப்பு வோணுமா? அந்த மிசினு பொறந்ததுலந்து வலை வலிக்கிற ஆளு ஒருத்தனத்தான் பாத்துகீது. அவன எதிரின்னு அதுக்கு சொல்லிக் குடுத்துட்டாங்க. நாளிக்கி அது நெஜ குண்டு வச்ச பிளேனுல ஏறி எங்க கடல் மேல வரும். கீழ எம் மவன் குனிஞ்சி வலை வலிச்சிக்கினு இருப்பான். பொயப்பே அதுதான அவனுக்கு.

"பைப்ப அன்னிக்கே கயட்டிட்டோம். மிசின் தலைலந்து எம் மவன யாரு கயட்டுறது?"ன்னு கேட்டேன்.

"நீங்களே வந்து சார்கிட்ட சொல்லுங்க பாட்டி. நான் சொன்னா ஒரு போட்டுதானேம்பாரு"ன்னுச்சி.

மறுநாளு போனேன். குளுரு மிசினு ரூமுல பொடவத் தலப்ப இழுத்துப் போத்திக்கினு ஒக்காந்தேன். சாரு நல்லாத்தான் பேசுனாரு, பொய் சொல்ல மாட்டேன். காபி குடுத்தாரு. பொண்ணு எல்லாத்தியும் சொல்லிச்சி.

"அம்மா, இது டெஸ்டுதான். இன்னும் எந்த பிளேன்லயும் மாட்டல. பயப்படாதீங்க"ன்னாரு.

"மாட்டசொல்ல எனக்கு சொல்லி அனுப்புவீங்களா சார்?"

அவரு காபிய ஒரு வாய் குடிச்சாரு. "நெஜமான எதிரியும் மீனவர் வேஷத்துல வருவான்மா. அத நாங்க விட்டுட்டா இந்த ஊருக்கே ஆபத்து. உங்க குப்பத்துக்கும்தான்"ன்னாரு.

அது பொய்யின்னு நான் சொல்லல. வருவான்தான். கடலு எல்லாத்துக்கும் ஒண்ணுதான, நல்லவனும் அதுலதான் வர்றான், கெட்டவனும் அதுலதான் வர்றான்.

"சரிதான் சார்"னேன். "அவன் மீன்காரன் வேசத்துல வருவான். எம் மவன் இன்னா வேசத்துல போறது?"

வாயத் தொறந்தா எப்பவும் நான் சிரிக்க வைக்கதான் பேசுவேன். இத்த அப்பிடிப் பேசல. சாரும் சிரிக்கல. அந்தப் பொண்ணப் பாத்து, "அந்த வலை படம் எல்லாத்தையும் எடுத்துடு. திரும்ப பிளேன் பறக்க பர்மிசன் கேட்டுப் பாக்குறேன்"ன்னாரு.

கேட்டாரு, கெடச்சிது. ஆனா மாசக்கணக்காச்சி. அது வரைக்கும் எம் மவன் தெனம் கடலுக்குப் போனான். நான் போவாதன்னு சொல்லல. சொன்னா சாப்பாட்டுக்கு இன்னா வழி? இன்னும் எந்த பிளேன்லயும் மாட்டலன்னு சாரு சொன்னத வாயிக்குள்ளயே சொல்லிக்கினு இருந்தேன்.

ரெண்டாவது வாட்டி பைப்பும் இல்ல, தார்ப்பாயும் இல்ல. எப்பவும் போற மாதிரி போங்க, வலை போடுங்க, பீடி புடிங்க, தூங்குங்க, நாங்க மேலந்து பாத்துக்கிறோம்னு சொல்லிட்டாங்க. குப்பமே போச்சி.

கொஞ்ச நாளு கழிச்சி பொண்ணு லேப்டாப்ப தூக்கிக்கினு எங்கிட்ட வந்துச்சி. மேலந்து பாத்தா எங்க போட்டுங்க முருங்கக்கா துண்டு மாதிரி கீது. ஒவ்வொண்ணச் சுத்தியும் கோடு போட்டு கீது. கோடு சிவப்புன்னா எதிரியாம், பச்சன்னா மீன்காரனாம். எம் மவன் போட்டு பச்ச. கீழ இங்கிலீசுல இன்னாமோ எய்தி கீது.

"இன்னா எய்தி கீது?"

"மீன்பிடி படகுன்னு போட்டிருக்கு பாட்டி."

எனக்கு அந்த எய்த்து தெரியாது. அந்தப் பொண்ணு மூஞ்சியத்தான் பாத்தேன். மூஞ்சில கள்ளம் இல்ல. அப்ப அது மீன்பிடி படகுதான்.

அடுத்த படத்துல அதே போட்டு. இவன் எயுந்து நின்னு வலைய தோள்ல போட்டுக்கினு கீறான். கோடு மஞ்சளா கீது.

"இது இன்னா கலரு கண்ணு?"

"மெஷினுக்கு சரியா தெரியலன்னு அர்த்தம். அப்போ அது தானா எதுவும் பண்ணாது பாட்டி. ஒரு ஆபீசர் படத்த பாத்து முடிவு பண்ணுவாரு."

"அந்த ஆபீசரு மீன் துன்றவரா?"

சிரிக்க ஆரம்பிச்சிது, பாதில நிறுத்திக்கிச்சி. "அது எனக்குத் தெரியாது பாட்டி"ன்னுச்சி. தெரியும்னு சொல்லியிருந்தா நான் நம்பியிருக்க மாட்டேன்.

ராத்திரி மவன்கிட்ட சொன்னேன். "மஞ்சளா? போவட்டும், சிவப்பு இல்லியே"ன்னுட்டு தூங்கப் போயிட்டான். விடியறதுக்குள்ள கடலுக்குப் போயிட்டான்.

இப்பவும் மீன் விக்கசொல்ல மேல ஏரோபிளேனு சத்தம் கேட்டா எனக்கு வாயி நின்னுடுது. பாதி பிளேனு மீனம்பாக்கத்துல எறங்குற பிளேனுதான், அது எனக்கும் தெரியும். தெரிஞ்சாலும் நிக்கிது. வாங்க வந்தவங்க, "இன்னா ஆயா, வெல மறந்து போச்சா?"ன்றாங்க.

"இரும்மா. மேல ஒருத்தர் பாத்துக்கினு கீறாரு, அவரு போவட்டும்"ன்றேன்.

சாமியச் சொல்றேன்னு நெனச்சி கன்னத்துல போட்டுக்கிறாங்க.