வேலூரில் அறை தேடிய நாள்

கல்யாணமாகி ஆறு மாதம் ஆகியும் நானும் என் வீட்டுக்காரரும் ஒரு விஷயத்தைக்கூடப் பேசி முடித்ததில்லை. குரோம்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிய போர்ஷன். ஒரு கூடம், ஒரு சமையலறை. கூடத்தில் மாமனார், மாமியார், நாத்தனார். ராத்திரி சமையலறையைக் கழுவித் துடைத்துவிட்டு நாங்கள் அங்கே படுப்போம். கதவு கிடையாது, பழைய புடவையைக் கிழித்துத் தைத்த திரைதான். மின்சார ரயில் கடக்கிற அரை நிமிஷத்தில்தான் எங்கள் பேச்சு. "என்னங்க, தனியா ஒரு வீடு பாத்துக்கிட்டு..." என்று நான் ஆரம்பிப்பதற்குள் கடைசிப் பெட்டியும் போய்விடும். அவர் "ம்" என்பார். அந்த "ம்" சரியா, மாட்டேனா, தூக்கமா என்று அந்தப் பிரம்மாவுக்கே தெரியாது.

எனக்கு ஒரு பதில் வேண்டும். போகலாம் என்றால் போகலாம், முடியாது என்றால் முடியாது. ரெண்டுங்கெட்டானாக அந்தத் திரைக்குப் பின்னால் கிடந்தால் எனக்குப் பைத்தியம் பிடித்துவிடும். அதற்காகத்தான் வேலூர்க் கோட்டைக்குப் போகலாம் என்று கிளப்பினேன். மற்றபடி கோட்டை கொத்தளத்தின் மேல் எனக்கு என்ன ஆசை?

"எதுக்கும்மா அவ்ளோ தூரம்? வண்டலூர்ல புதுசா ஜூ தொறந்திருக்காங்களே, அதைப் போய்ப் பாக்கறது" என்றார் மாமியார்.

"கோட்டைக்குள்ள சிவன் கோயில் இருக்கு அத்தை."

சாமி பேரைச் சொன்னதும் அர்ச்சனைக்குச் சில்லறை எடுத்துக் கொடுத்துவிட்டார். நாத்தனார் நானும் வர்றேன் அண்ணி என்றாள். நல்லவேளை, அவளுக்கு மறுநாள் டைப்ரைட்டிங் பரீட்சை.

தாம்பரத்தில் பஸ் பிடித்தோம். பஸ்ஸில் பேசலாமென்றால் எனக்கு இடம் முன்பக்கம் லேடீஸ் சீட்டில், அவருக்கு இடம் பின்பக்கம் டயருக்கு மேல். கோட்டைக்குள் போனதும் மனுஷன் என்னை மறந்தே போனார். மதில் மேல் ஏறுவதும், அகழியை எட்டிப் பார்ப்பதும், குடையை நீட்டிச் சுவரின் கனத்தை அளப்பதும்! போதாக்குறைக்கு எங்கே திரும்பினாலும் பள்ளிக்கூடப் பிள்ளைகளின் கூச்சல்.

"எல்லைக் கோட்டைன்னா சும்மாவா? மைசூர்ப் படை வருஷக் கணக்கா முற்றுகை போட்டும் இதைப் பிடிக்க முடியலையாம்" என்றார்.

"நானும்தான் ஆறு மாசமா போட்டுக்கிட்டிருக்கேன்" என்றேன். அதற்கும் ஒரு "ம்".

எனக்கு வந்த கோபத்தில் அவரை அகழியில் தள்ளிவிட்டிருப்பேன். கோயிலில் அவசரமாக ஒரு கும்பிடு போட்டுவிட்டு, "ஒரு லாட்ஜ்ல ரூம் எடுங்க. ரெண்டு மணி நேரம் போதும். எனக்கு உங்ககூடப் பேசணும்" என்றேன். அவர் முகம் வெளிறிவிட்டது. ஆனாலும் வந்தார்.

அந்த ஊரில் லாட்ஜுக்குப் பஞ்சமில்லை. ஆனால் எல்லாம் பெரிய ஆஸ்பத்திரிக்காக இருப்பவை. வராந்தா முழுக்க வடக்கத்தி ஜனங்கள், கையில் எக்ஸ்ரே கவர், மூலையில் மண்ணெண்ணெய் அடுப்பு. முதல் லாட்ஜில் கேட்ட கேள்வியே, "பேஷண்ட் யாருங்க?"

"யாரும் இல்லீங்க."

"அப்ப ரூம் எதுக்கு?"

அடுத்த லாட்ஜில் பெட்டி எங்கே, பை எங்கே என்றார்கள். எங்களிடம் இருந்தது ஒரு குடையும் தேங்காய்மூடி வைத்த அர்ச்சனைத் தட்டும்தான். அந்த ஆள் என் கழுத்தையே பார்த்தான். எனக்கு உடம்பெல்லாம் எரிந்தது. தாலியை வெளியே எடுத்துப் போட்டுக்கொண்டுதான் அடுத்த படியேறினேன். அங்கே கல்யாண போட்டோ இருக்கிறதா என்று கேட்டார்கள்! யாராவது மடியில் கட்டிக்கொண்டா திரிவார்கள்?

இன்னொரு லாட்ஜ். "பேஷண்ட் யாரு சார்?" என்று மறுபடி அதே பாட்டு. நான் திரும்பி நடக்க ஆரம்பித்துவிட்டேன். பின்னாலிருந்து என் வீட்டுக்காரரின் குரல் கேட்டது.

"யாருக்கும் உடம்புக்கு ஒண்ணும் இல்ல சார். எங்க வீட்ல எனக்கும் இவளுக்கும் பேச இடமில்ல. பேசறதுக்கு ஒரு ரூம் வேணும். அவ்ளோதான்."

வராந்தாவில் உட்கார்ந்திருந்த ஒரு அம்மாள் அரிசி களைவதை நிறுத்திவிட்டு எங்களைப் பார்த்தாள். கவுண்டரில் இருந்தவர் அவரையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தார்.

"சாயங்காலம் ஒரு கல்கத்தா பார்ட்டி வருது. அதுக்குள்ள பேசி முடிச்சிருவீங்களா?" என்று சாவியை எடுத்துக் கொடுத்தார்.

கதவைத் தாழ் போட்டதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. எல்லாவற்றையும் கொட்டினேன். அவர் கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து கேட்டார்.

"இப்ப முடியாது" என்றார். "தங்கச்சிக்குக் கல்யாணம் ஆகாம நான் வெளியே போனா, பொண்ணு பாக்க வர்றவங்க என்ன நினைப்பாங்க? குடும்பத்துல ஏதோ தகராறுன்னுதானே? அவ கல்யாணம் முடிஞ்ச மறுநாள் போயிடலாம்."

"மறுநாள்னா?"

"மறுநாள்தான்."

நான் கத்தினேன். அவரும் கத்தினார். கல்கத்தா பார்ட்டி வந்து கதவைத் தட்டும்வரை சண்டை போட்டோம். திரும்பும்போது காஞ்சிபுரம் தாண்டும் வரை நான் அவர் முகத்தைப் பார்க்கவில்லை.

நாத்தனாருக்கு வரன் தள்ளிக்கொண்டே போனது. ஜாதகம் பொருந்தினால் சீர் இடிக்கும், சீர் படிந்தால் ஜாதகம் இடிக்கும். அதற்குள் எனக்கு இரண்டு பிள்ளைகள், அதே சமையலறையில், காலை நீட்டினால் கிரைண்டரில் இடிக்கும். வேலூர்ப் பேச்சை அவர் மறுபடி எடுக்கவே இல்லை. மறந்துவிட்டார், ஆம்பளை பேச்சு அவ்வளவுதான் என்று உள்ளுக்குள் புழுங்கினேன். நான் ஞாபகப்படுத்தவும் இல்லை, ரோஷம்.

தொண்ணூறுகளில் ஒரு தை மாதம் அவள் கல்யாணம் நடந்தது. மறுநாள் காலை வாசலில் பந்தல் பிரித்துக்கொண்டிருந்தார்கள். கூடத்தில் ஊரிலிருந்து வந்த சொந்தக்காரர்கள் காப்பி குடித்துக்கொண்டிருந்தார்கள். என் வீட்டுக்காரர் வெளியிலிருந்து வந்து, அப்பா அம்மா எல்லோரும் பார்க்க, கூடத்தின் நடுவில் நின்று என்னைக் கூப்பிட்டார்.

"பெருங்களத்தூர்ல வீடு பாத்துட்டேன். பாத்திரத்தை எல்லாம் கட்டு, வண்டி வாசல்ல நிக்குது."