ஏரிக்கரையில் கடைசிக் கூறு

கொத்துக்காரர் ஆண்டி கிழக்குத் தெருவில் வீடு வீடாக நின்று ஏரிப் பூஜைக்கு வரி வாங்கிக்கொண்டு வந்தார். அமுதவல்லியின் வாசலுக்கு வந்ததும் மட்டும் நடையை எட்டிப் போட்டார். மாட்டுக்குச் சோளத்தட்டு அறுத்துப் போட்டுக்கொண்டிருந்த அமுதவல்லி, அரிவாளைக் கீழே வைத்துவிட்டு ஓடி வந்து மறித்தாள். வரிப் பணத்தைக் காலையிலேயே மடியில் முடிந்து வைத்திருந்தாள்.

"ஏனுங்க மாமா, என்ற ஊடு மட்டும் கண்ணுக்குத் தெரியலீங்களா?"

"உங்கூட்டுக்கு வரி இல்ல சாமி. தலைக்கட்டுக்குத்தான் வரி. உனக்குத் தெரியாததா?"

தெரியாமல் என்ன. வேப்பங்காட்டூரில் ஏரி நிரம்பி, மிச்சத் தண்ணீர் கோடியில் வழிந்தால், கரைமேல் இருக்கிற கன்னிமாருக்குக் கிடாய் வெட்டிப் பூஜை போட வேண்டும். வரி கொடுத்த வீட்டுக்கெல்லாம் அந்தக் கறியில் ஒரு கூறு. இங்கே வீடு என்றால் சுவரும் கூரையும் இல்லை, கல்யாணம் ஆன ஓர் ஆண். அவன்தான் தலைக்கட்டு. அவன் செத்துப்போனால் அவன் பொண்டாட்டி உழுதாலும் சரி, ஊரையே தூக்கி நிறுத்தினாலும் சரி, கணக்கில் வர மாட்டாள். கரையில் கல்லாக நிற்கிற கன்னிமார் ஏழு பேருக்கும் புருஷன் கிடையாது. அவர்களைப் பார்த்து, உங்கள் வீட்டு ஆம்பளை எங்கே என்று இதுவரை எந்தக் கொத்துக்காரரும் கேட்டதில்லை.

"நெலம் என்ற பேருல இருக்குது. கந்தாயம் நாங் கட்டறேன். ஏரித் தண்ணி என்ற காட்டுக்கும்தான் பாயுது. வரி மட்டும் ஏன் வேண்டாம்?"

ஆண்டி தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்தார். "ரோசப்படாத. உங்கூட்டுக் கூறு உனக்கு வந்துரும். யோகேஷு நேத்தே போன்ல பணம் போட்டு உட்டுட்டான். அவம் பேரு சேத்தாச்சு."

அமுதவல்லிக்குச் சுருக்கென்றது. யோகேஷ் அவளுக்கு ஒரே மகன். போர் போடுகிற ரிக் லாரியில் வேலை, போன வருஷம் கல்யாணம், பெண்டாட்டியோடு திருச்செங்கோட்டில் குடித்தனம். இந்த ஏரிக்காக ஒரு முள்ளை வெட்டிப் போட்டவன் இல்லை. வெட்டப் போனவளையும் தடுத்தவன்.

"வரிய வாங்குங்க மாமா," என்று முடிச்சை அவிழ்த்து நீட்டினாள். ஆண்டி அந்தப் பணத்தைப் பார்க்காத மாதிரியே அடுத்த வாசலுக்குப் போய்விட்டார்.

அந்த ஏரி எப்படி நிரம்பியது என்பதைச் சொல்லாவிட்டால் அவள் கோபம் யாருக்கும் விளங்காது.

அமுதவல்லி ராசிபுரம் பக்கத்திலிருந்து இந்த ஊருக்கு வாக்கப்பட்டு வந்த காலத்தில் ஏரி நிறைந்து கிடந்தது. ஏரிக்குக் கீழே அவர்களுக்கு இரண்டு ஏக்கர், நெல்லும் மஞ்சளும் போட்டார்கள். பிறகு வருஷத்துக்கு வருஷம் தண்ணீர் குறைந்து, ஏரிக்குள் சீமைக்கருவேலம் முளைத்து, கடைசியில் பையன்கள் உள்ளே கிரிக்கெட் ஆடினார்கள். மழை இல்லை, காலம் கெட்டுப்போச்சு என்று ஊர் சொன்னது. அவள் புருஷன் கைலாசம் அதை நம்பி, இருந்த நகையெல்லாம் விற்று மூன்று இடத்தில் போர் போட்டான். மூன்றிலும் புகைதான் வந்தது. மூன்றாவது குழியை மூடிய வருஷமே நெஞ்சுவலியில் போய்ச் சேர்ந்தான்.

அதன் பிறகு அவள் சென்னியப்பனின் கோழிப்பண்ணைக்கு முட்டை பொறுக்கப் போனாள். சென்னியப்பன் கைலாசத்துக்குத் தூரத்துப் பங்காளி, ஊரில் பெரிய கை. மலையிலிருந்து ஏரிக்கு வருகிற ஓடை அவன் தோட்டத்தை ஒட்டி வந்தது. ஒரு மழை நாளில் கொட்டகைக்குப் பின்னால் சாக்கு எடுக்கப் போன அமுதவல்லி அப்படியே நின்றுவிட்டாள். ஓடையின் குறுக்கே கருங்கல் சுவர். சுவருக்குப் பின்னால் இடுப்பளவு தண்ணீர் சுழித்துக்கொண்டு நின்றது. அத்தனையும் ஆள் நுழைகிற பருமனில் ஒரு குழாய் வழியாக அவன் கிணற்றுக்குள் விழுந்துகொண்டிருந்தது.

அந்தக் கிணற்றுத் தண்ணீரைத்தான் அவன் லாரியில் ஏற்றிக் கோடையில் ஊருக்கு விற்றான். ஊரும் குடத்தோடு வரிசையில் நின்று, சென்னியப்பன் இல்லையென்றால் நாக்கு வறண்டு செத்திருப்போம் என்று அவனை வாயார வாழ்த்தியது. தன் ஏரியைத் தானே காசு கொடுத்து வாங்கிக் குடித்துக்கொண்டு, திருடனுக்கே தீபாராதனை காட்டிய ஊர் அது. இல்லாத தண்ணீரைத் தேடித் தன் புருஷன் பாறையைக் குடைந்தபோது, இருக்கிற தண்ணீர் இங்கே ஒளிந்துகொண்டிருந்ததை நினைத்து அமுதவல்லிக்கு வயிறு எரிந்தது. முட்டைத் தட்டை அங்கேயே வைத்துவிட்டு வீட்டுக்கு வந்தவள் மறுபடி அந்தப் பண்ணைப் படி ஏறவில்லை.

மனு எழுதி எடுத்துக்கொண்டு வீடு வீடாகப் போனாள். கையெழுத்துப் போடுவது இருக்கட்டும், அந்தக் காகிதத்தைக் கையில் வாங்கிப் பார்க்கக்கூட ஒருவனுக்கும் துணிச்சல் இல்லை. "நமக்கெதுக்கு யோகேஷ் அம்மா பொல்லாப்பு" என்று கதவைச் சாத்தினார்கள். தன் ஒரு கையெழுத்தோடு திங்கள்கிழமைதோறும் நாமக்கல்லுக்குப் பஸ் ஏறினாள். அளக்க வந்தவர் சென்னியப்பன் வீட்டில் இளநீர் குடித்துவிட்டு, ஓடை என்று ஒன்று இருந்ததற்கு அடையாளமே இல்லை என்று போய்விட்டார். அவள் மறுபடியும் போனாள். மேசைக்கு மேசை தள்ளிவிட்டார்கள். அவள் விடவில்லை. பார்த்துப் பார்த்துச் சலித்தோ, மனசாட்சி உறுத்தியோ, புதிதாக வந்த ஓர் அதிகாரி வரைபடத்தோடு வந்து நின்று அளந்து கல் நட்டார். போன ஆடியில் ஜேசிபி வந்து சுவரை உடைத்தது.

ஊர் அவளைக் கும்பிட்டிருக்க வேண்டும். குலத்தைக் காட்டிக்கொடுத்தவள் என்றது. சொசைட்டியில் அவள் பாலில் தண்ணீர் கலந்திருக்கிறது என்று திருப்பி அனுப்பினார்கள். யோகேஷ் போனில் கத்தினான். "எனக்கு ரிக்குல வேல வாங்கிக் குடுத்ததே அவருதாம்மா. எந்த மூஞ்சிய வெச்சுக்கிட்டு நான் அவருகிட்டப் போறது? நீ மனுவ வாபஸ் வாங்கிரு." அவள் போனை வைத்துவிட்டாள்.

ஐப்பசி மழையில் ஓடை திறந்த வழியில் இறங்கி ஓடி வந்தது. கார்த்திகை பிறப்பதற்குள் ஏரி நிரம்பிக் கோடி போனது. காட்டிக்கொடுத்தவள் என்றவர்கள் அத்தனை பேரும் கரைமேல் நின்று போனில் படம் பிடித்தார்கள். கன்னிமார் கண் திறந்துவிட்டார்கள் என்றார்கள்.

பூஜையன்று கூறு எடுத்து முடிகிற வரை பெண்கள் கரைக்கு வரக் கூடாது. மசாலை அரைத்து வைத்துவிட்டு வீட்டில் காத்திருக்க வேண்டும். கரையில் கடைசிக் கூறு தூக்கப்படுகிற வரை ஊரில் ஓர் அடுப்பும் பற்றக் கூடாது என்பது பழைய கட்டுப்பாடு. அமுதவல்லி குளித்து, ஒரு போசிப் பாத்திரத்தை எடுத்துக்கொண்டு நேராகக் கரைக்கு ஏறினாள். ஆண்கள் ஒதுங்கி ஒதுங்கி முறைத்தார்களே தவிர, நல்ல நாளில் வாயைக் கொடுக்க யாருக்கும் மனம் வரவில்லை.

முதல் மாலையும் பரிவட்டமும் சென்னியப்பனுக்கு. பெரிய கிடாய் அவன் கொடுத்தது. பதினைந்து வருஷம் ஏரிக்குச் சொட்டுத் தண்ணீர் வராமல் பார்த்துக்கொண்ட புண்ணியவானுக்கு ஊர் செய்கிற மரியாதை.

வாழை இலைகளில் கூறு போட்டு வரிசையாக வைத்தார்கள். தீவனக் கடை நந்தகுமார் மைக்கைப் பிடித்துப் பெயர் பெயராகக் கூப்பிட, ஒவ்வொருவராக வந்து தூக்கிக்கொண்டு நின்றார்கள். இலைகள் குறைந்துகொண்டே வந்தன.

"கைலாசம் மகன் யோகேஷு."

யாரும் வரவில்லை. நந்தகுமார் இரண்டாம் முறை கூப்பிட்டுவிட்டு, "எடுத்துக்கோங்கக்கா," என்றான்.

அமுதவல்லி அந்த இலைக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். "கூப்பிட்டது என்னைய இல்லீங்களே. எவனக் கூப்பிட்டீங்களோ அவன் வந்து எடுக்கட்டும்."

மற்ற இலைகளெல்லாம் காலியாயின. இந்த ஒன்று மட்டும் கிடந்தது. வெயில் ஏறியது. ஈ மொய்த்தது. ஆண்கள் கையில் கறியோடு நின்றார்கள், வீட்டிலிருந்து போன் மேல் போன் வந்தது. "இன்னும் என்னங்க, அடுப்பப் பத்த வெக்கறதா வேண்டாமா?"

"நம்ம பங்காளி ஊட்டுக் கூறுதான், நான் எடுத்தா ஆச்சு," என்று சென்னியப்பன் குனிந்தான்.

"தொட்டுப் பாருங்க," என்றாள் அமுதவல்லி. குரலை உயர்த்தவில்லை. சென்னியப்பன் நிமிர்ந்துகொண்டான்.

ஆண்டி யோகேஷுக்குப் போன் போட்டு அவள் முன்னால் நீட்டினார். "எடுத்துட்டுப் போம்மா, ஊரே சிரிக்குது, மானம் போகுது," என்று அழாத குறையாகச் சொன்னான் மகன்.

"உன்ற மானத்த நீ வந்து எடுத்துக்க சாமி. நான் எதுக்கு உக்காந்திருக்கறேன்னு உனக்குத் தெரியும்," என்றாள்.

பசி எல்லாச் சாத்திரத்தையும் இளக்கிவிடும். பின்னாலிருந்து ஒருவர், "அந்தம்மா பேரையே கூப்பிட்டுத் தொலைங்கய்யா," என்றார். இன்னும் நாலு பேர் ஆமாம் போட்டார்கள். ஆண்டி கன்னிமார் கற்களை ஒரு தடவை பார்த்தார். பிறகு நந்தகுமாரிடம் தலையை ஆட்டினார்.

"கைலாசம் சம்சாரம்," என்றான் நந்தகுமார் மைக்கில்.

அவள் அசையவில்லை.

"யோகேஷ் அம்மா."

"அது அவம் பேரு. என்ற பேரு இல்ல."

நந்தகுமார் மைக்கைக் கையால் பொத்திக்கொண்டு ஆண்டியைப் பார்த்தான். ஆண்டி பக்கத்திலிருந்தவரைப் பார்த்தார். அவர் அடுத்தவரை. முப்பது வருஷமாக இவள் வாசலைத் தாண்டிப் போனவர்கள், இவள் கறந்த பாலை வாங்கிக் குடித்தவர்கள், இவள் கொண்டுவந்த தண்ணீரின் கரையில் நின்றுகொண்டு ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். "ராசாத்தியா?" என்றார் ஒருவர். "அது அவுங்க ஓரகத்தி பேரு," என்றார் இன்னொருவர். கேட்டுச் சொல்லப் பக்கத்தில் ஒரு பெண்கூட இல்லை. பெண்களைத்தான் வரக் கூடாது என்று வைத்திருந்தார்களே. போன் போட்டு மகனிடமோ பெண்டாட்டியிடமோ கேட்க, அத்தனை பேர் முன்னால் யாருக்கும் கௌரவம் விடவில்லை. அமுதவல்லி ஈயை ஓட்டிக்கொண்டு ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள்.

"அமுதவல்லி," என்று ஒரு குரல் கேட்டது.

சென்னியப்பன். கழுத்தில் மாலையோடு தரையைப் பார்த்துக்கொண்டு சொன்னான். அவனுக்குத் தெரியாமல் இருக்குமா. வந்த நோட்டீஸ் ஒவ்வொன்றிலும் மனுதாரர் என்று போட்டு எதிரே அந்தப் பெயர்தானே இருந்தது.

நந்தகுமார் அதை வாங்கி மைக்கில் சொன்னான். ஒலிபெருக்கிக் குழாயிலிருந்து கிளம்பிய பெயர் தண்ணீரைத் தாண்டித் தெருக்களுக்குள் போனது. அமுதவல்லி எழுந்து, வரிப் பணத்தை ஆண்டியின் கையைப் பிடித்து அதில் வைத்தாள். கூறைப் போசியில் அள்ளிக்கொண்டு கரையிறங்கினாள். பின்னால் அடுப்புகளைப் பற்ற வைக்கச் சொல்லிப் போனில் கத்திக்கொண்டிருந்தார்கள். ஜெயித்துவிட்டோம் என்று அவளுக்குத் தோன்றவில்லை. இத்தனை வருஷம் வாழ்ந்த ஊரில் தன் பெயர் தெரிந்த ஒரே ஆண் சென்னியப்பன்தான் என்பதை நினைக்க நினைக்க, வரும்போது இருந்ததைவிடப் போகும்போதுதான் அவளுக்கு ஆத்திரம் அதிகமாக இருந்தது.