மேற்கு பார்த்த கண்ணாடிச் சுவர்

என் மகன் டொராண்டோவில் கட்டட வடிவமைப்பாளனாக வேலை பார்க்கிறான். பேத்தி பிறந்தபோது நான் அங்கே போய் ஒரு குளிர்காலம் முழுக்க இருந்துவிட்டு வந்தேன். ஏரியை ஒட்டிய பெரிய அடுக்குமாடிக் கட்டடத்தில், மிக உயரத்தில் இருந்தது அவன் வீடு. முன்னறையின் ஒரு பக்கத்துக்குச் சுவரே கிடையாது. தரையிலிருந்து கூரை வரை கண்ணாடி. வெளியே எந்நேரமும் பனி. வெயில் எப்போதாவதுதான் எட்டிப்பார்க்கும். அப்படி வந்த நாட்களில் குழந்தையை மடியில் போட்டுக்கொண்டு கண்ணாடியோரம் போய் உட்கார்ந்துவிடுவேன்.

ஒருநாள் வேலை முடிந்து வந்தவனிடம், "நம்மூர்லயும் இப்பிடி ஒரு ஊடு இருந்தா, நாம்பாட்டுக்கு வெளிச்சத்தப் பாத்துட்டு உக்காந்திருப்பேன் சாமி" என்றேன். பேச்சுவாக்கில் சொன்னதுதான். அவன் அதை மனதில் வைத்துக்கொண்டான்.

விடுமுறை நாட்களில் என்னை வெளியே கூட்டிப்போய்க் கட்டடங்களைக் காட்டுவான். மரப்பலகைகளை ஒன்றன்மேல் ஒன்றாக ஒட்டித் தூணாக்கி, அந்தத் தூண்களின்மேல் மாடி மாடியாக எழுப்பிய கட்டடம் ஒன்றைத் தட்டிக் காட்டினான். சில கண்ணாடிகளில் வரிசையாகச் சின்னச் சின்னப் புள்ளிகள் இருந்தன. பறவைகள் வானம் என்று நினைத்து மோதிச் சாகாமல் இருக்கவாம். அங்கே கண்ணாடி ஒற்றையாக இருப்பதில்லை என்றும், இரண்டு மூன்று அடுக்காக வைத்து நடுவில் வாயுவை அடைப்பார்கள் என்றும் விளக்கினான். குளிரில் எனக்கு முழங்கால் விண்விண்ணென்று தெறிக்கும். ஆனாலும் கேட்டுக்கொண்டு நிற்பேன். வாயைத் திறக்காத பிள்ளை இவ்வளவு பேசுகிறானே என்று இருக்கும்.

நான் ஊர் திரும்பிய அடுத்த வருடம், மல்லசமுத்திரத்துக்குப் பக்கத்தில் எங்கள் தோட்டத்தில் இருந்த ஓட்டு வீடு ஒழுக ஆரம்பித்தது. அதை இடித்துப் புதிதாகக் கட்டலாம் என்று மகனே வரைபடம் போட்டு அனுப்பினான். மேற்கே தெரியும் கரட்டுக் குன்றைப் பார்த்தபடி பெரிய கூடம். அந்தப் பக்கம் முழுக்கக் கண்ணாடி. கண்ணாடிக்கு மேலே வெயில் தடுப்பு எதுவும் இல்லை. அது இருந்தால் அழகு கெட்டுவிடும் என்றான்.

"மேக்க பாத்துக் கண்ணாடி வெச்சா வெயிலு உள்ளயே வந்து உக்காந்துக்குமே?" என்று என் வீட்டுக்காரர் ஒரே ஒருமுறை கேட்டார்.

"பையன் ஆசப்படறானுங்க. உடுங்க" என்றேன். 

மகன் சொன்ன அடுக்குக் கண்ணாடி இங்கே தோதாகக் கிடைக்கவில்லை. சேலத்திலிருந்து கனமான ஒற்றைக் கண்ணாடிகள் லாரியில் வந்து இறங்கின. தை மாதம் குடிபோனோம். வந்த சொந்தபந்தமெல்லாம் கண்ணாடி முன்னால் நின்று போட்டோ எடுத்துக்கொண்டது. தையும் மாசியும் நன்றாகத்தான் இருந்தன.

பங்குனியில் ஆரம்பித்தது. மத்தியானம் திரும்பியதும் கூடத்தில் கால் வைக்க முடியாது. தரை சுடும். சோபாவைத் தொட்டால் கை சுடும். ஏசி போட்டால் கரண்ட் பற்றாமல் அது முனகிக்கொண்டே கிடக்கும். என் வீட்டுக்காரர் கட்டிலைத் தூக்கிக் கிணற்றோரம் இருந்த மோட்டார் ரூமில் போட்டுக்கொண்டார். சோறும் டீயும் அங்கேயே போயின. ரோட்டில் போகும், போர்வெல் போடும் ரிக் லாரிகள் கிளப்பும் புழுதி கண்ணாடியில் படியும். காலையில் துடைத்தால் சாயங்காலம் மறுபடி துடைக்க வேண்டும். போதாததற்கு ஒரு ஆண் மயில். கண்ணாடியில் தெரியும் தன்னையே இன்னொரு மயில் என்று நினைத்து, விடிந்ததும் வந்து எகிறி எகிறிக் கொத்தும். சில நாள் கண்ணாடியில் ரத்தம் இருக்கும். அதையும் நான்தான் துடைப்பேன்.

சித்திரையில் ஒருநாள் துடைத்துக்கொண்டிருந்தபோதே கண் இருட்டிக் கீழே விழுந்துவிட்டேன். டீ வரவில்லையே என்று பார்க்க வந்த வீட்டுக்காரர்தான் என்னைத் தூக்கி, மோட்டார் ரூமுக்குக் கொண்டுபோய் முகத்தில் தண்ணீர் தெளித்தார். என்னை ஒரு வார்த்தை திட்டவில்லை. அன்றைக்கே மல்லசமுத்திரம் போய், நாற்றுப் பண்ணைகளில் நிழலுக்குக் கட்டும் பச்சை வலையைச் சுருளாக வாங்கி வந்தார். ஏணி வைத்து ஏறி, மொட்டை மாடியிலிருந்து தரை வரை தொங்கவிட்டுக் கம்பியால் இழுத்துக் கட்டினார். மகன் வரைந்த முகப்பு மொத்தமும் மறைந்தது. மயிலும் வரவில்லை.

மகன் வீடியோவில் பேசும்போதெல்லாம் சமையலறையிலேயே உட்கார்ந்து பேசினேன். ஒருநாள் பேத்தி மயிலைக் காட்டச் சொல்லி அடம்பிடித்தாள். தோட்டத்தில் எங்காவது நிற்கும் என்று போனை எடுத்துக்கொண்டு, யோசனையில்லாமல் முன்பக்கம் வந்துவிட்டேன்.

"அம்மா, அதென்ன பச்சையா?" என்றான் மகன்.

"மயில் வந்து கொத்துது சாமி. அதுக்குத்தான் வல."

"மயிலுக்குன்னு ஊட்டையே மூடுவாங்களா?"

என் வீட்டுக்காரர் போனை வாங்கினார். "உங்கம்மா மயங்கி உழுந்துட்டா. மனுசன் உள்ள இருக்க முடியல. அவ சொல்ல மாட்டா. அதான் நாஞ் சொல்றேன்."

மகன் போனை என்னிடம் கொடுக்கச் சொன்னான். பிறகு, "ஏம்மா எங்கிட்டச் சொல்லல?" என்றான்.

"எனக்குன்னு ஆசையாக் கட்டிக் குடுத்தது. எப்பிடிச் சொல்லட்டும்?"

அவன் எழுந்துபோய்ப் போனைத் திருப்பிக் காட்டினான். நான் உட்கார்ந்திருந்த அதே கண்ணாடி. அதன்மேல் படுக்கை விரிப்புகளைக் கட்டித் தொங்கவிட்டிருந்தார்கள். "வெயில் காலத்துல இங்கயும் அடுப்புக்குள்ள இருக்கற மாதிரித்தாம்மா. நீ வந்தது பனிக்காலம். அதுனால உனக்குத் தெரியல."

"தெரிஞ்சுமா எனக்கு இதையக் கட்டுன?"

"நீ பாப்பாவ வெச்சுட்டு அங்க உக்காந்திருந்தது கண்ணுலயே நிக்குதும்மா. வேற எதுவும் தோணல."

எனக்குக் கோபம் வரவில்லை. கோபப்படுவதற்கும் தெம்பு வேண்டுமே.

ஆடியில் லீவு போட்டுத் தனியாக வந்தான். வலையை அவிழ்த்து, கண்ணாடிகளில் இரண்டை மட்டும் விட்டுவிட்டு மற்றதைக் கழற்றச் சொன்னான். அந்த இடத்தில் ஹாலோ பிளாக் கல்லில் சுவர் எழும்பியது. காற்று வர மேலே இடைவெளி விட்டு, வெளியே அகலமாக வெயில் தடுப்பு இறக்கினான். கொத்தனார்களோடு நாளெல்லாம் ஆடிக் காற்றுப் புழுதியில் நின்றான். ராத்திரி அப்பாவோடு மோட்டார் ரூமில் படுத்துக்கொண்டான். அப்பாவும் மகனும் என்ன பேசிக்கொண்டார்கள் என்று நான் கேட்கவில்லை.

வேலை முழுதாக முடியும் முன்பே லீவு தீர்ந்து கிளம்பிவிட்டான். வீடு இப்போது அவன் வரைந்த மாதிரியும் இல்லை, இந்த ஊர் வீடு மாதிரியும் இல்லை. கூடத்தில் ஓரளவு உட்கார முடிகிறது. கழற்றிய கண்ணாடிகள் மாட்டுக் கட்டுத்தறிக்குப் பின்னால் சாக்கு போர்த்திக் கிடக்கின்றன. கேட்பாரில்லை.

பூச்சு காயாமல் இருக்கக் காலையும் மாலையும் சுவருக்குத் தண்ணீர் விடுகிறேன். குடத்தைத் தூக்கினால் முழங்கால் வலிக்கிறது. துணி துவைத்து முடிப்பதற்குள் அதன்மேல் சிமெண்ட் படிந்துவிடுகிறது. ரோட்டில் போகிற பக்கத்துத் தோட்டத்துக்காரம்மா நின்று, "ஏனுங்க, மறுபடியும் ஊடு கட்டறீங்களா?" என்று கேட்டார்.

"ஆமாங்க, கட்டறமுங்க" என்று சொல்லிவிட்டு, அடுத்த குடம் மொள்ளப் போனேன்.