கென்கிக் கொட்டகையில் இருந்த மருந்து

ஆஸ்பத்திரி மருந்துக் கிடங்கைப் பார்த்துக்கொள்ளும் எக்குவா அமிஸா, பிரசவ ஊசிமருந்தை ஒரு வாரக்கடைசி முழுவதும் ஃபாஸ்டீனாவின் கென்கிக் கொட்டகையில் போட்டு வைத்திருந்தாளாம், கென்கி என்கிற மக்காச்சோள உருண்டைகள் வேகிற அண்டாக்களுக்குப் பக்கத்திலேயே. மனிதர்கள் சொல்லவில்லை, கம்ப்யூட்டரே சொல்லிவிட்டதாம். சால்ட்பாண்ட் ஊரின் லாரி நிலையத்தில் கிளம்பிய இந்தப் பேச்சு மீன் இறங்கும் கரையை அடைவதற்குள் அவள் பாதி மருந்தை விற்றும் விட்டிருந்தாள்.

எக்குவாவைத் தெரிந்தவர்கள் இதைக் கேட்டுச் சிரித்திருக்க வேண்டும். கடற்கரை வெயிலில் ஊரே வியர்த்து வழியும்போது பழுப்புக் கம்பளிச் சட்டையோடு தெருவில் நடப்பவள் அவள். குளிரறைக்குள் போவதும் வருவதுமாக இருப்பவளுக்கு அதைக் கழற்றத் தோன்றுவதே இல்லை. எந்த அட்டைப்பெட்டி கையில் கிடைத்தாலும் கட்டைவிரல் நகத்தால் அதன் அச்சைச் சுரண்டிப் பார்ப்பாள். பிஸ்கட் பொட்டலம், சோப்பு உறை, தேவாலயத்தில் பாட்டுப் புத்தகம், எதுவும் தப்பாது. "பாட்டும் போலியான்னு பாக்குறியா?" என்று பின்வரிசையிலிருந்து யாராவது கிசுகிசுத்தால் திரும்பாமலே பதில் வரும்: "அட்டை நல்ல அட்டைதான். பாடுறவங்களப் பத்தித்தான் சொல்ல முடியல."

அந்த நகம் சும்மா வந்த பழக்கமில்லை. சில வருஷங்களுக்கு முன் முத்திரை, சான்றிதழ், ரசீது எல்லாம் பழுதில்லாமல் வந்த ஒரு பெட்டிக்குள் வெறும் தண்ணீர் இருந்தது. பிரசவத்துக்குப் பின் ரத்தம் நிற்பதற்கான ஊசி. அதை எடுத்துக் கொடுத்தது எக்குவாவின் கை. அந்தத் தாய் பிழைக்கவில்லை.

அதனால்தான் பிளாக்செயின் என்ற புதிய ஏற்பாட்டைப் பற்றிப் பேச மாகாண அலுவலகத்திலிருந்து ஆட்கள் வந்தபோது முதலில் கை தூக்கினாள் அவள். பெட்டி ஆலையை விட்டுக் கிளம்புவதிலிருந்து யார் கைக்கு எப்போது, எங்கே மாறினாலும் பதிவுச் சங்கிலியில் ஒரு கண்ணி கூடும். அந்தச் சங்கிலியின் நகல் எல்லோரிடமும் இருக்கும். ஒருவர் நினைத்தாலும் அழிக்க முடியாது. மற்ற கிடங்குக்காரர்கள் மின்வெட்டைச் சொல்லி அலுத்துக்கொண்டார்கள். மொத்த வியாபாரிகளில் பாதிப்பேர், தாங்கள் யாரிடம் வாங்கி யாருக்கு விற்கிறோம் என்பதை ஊருக்குக் காட்ட மாட்டோம் என்று ஒதுங்கினார்கள். எக்குவா மட்டும் சொன்னாள்: "அழிக்க முடியாதுன்னு சொன்னீங்களே, அதுதான் எனக்குப் பிடிச்சது."

கிடங்குச் சுவர்கள் தடிப்பானவை. இணையம் உள்ளே எட்டாது. ஆஸ்பத்திரி வாசலுக்கு எதிரே, ஃபாஸ்டீனாவின் கொட்டகையில் ஒரு மூலையில்தான் கிடைக்கும். ஆகவே எக்குவா ஒரு வழி கண்டுபிடித்தாள். பெட்டிகளைக் குளிரறையில் அடுக்கிவிட்டு, அவற்றின் குறியீட்டு ஒட்டுத்தாள்களை மட்டும் உரித்து ஒரு அட்டையில் ஒட்டி, கொட்டகைக்கு எடுத்துப் போய் போன் கேமராவில் காட்டிப் பதிவாள். திரும்பி வந்து பழையபடி பெட்டிகளில் ஒட்டுவாள். அந்த வெள்ளிக்கிழமை 'வந்து சேர்ந்தது' என்று பதிந்ததோடு இணையம் போய்விட்டது. 'குளிரறையில் வைத்தது' என்று பதிய முடிந்தது திங்கட்கிழமைதான். இடையில் மருந்து எங்கே இருந்தது? போன் இருந்த இடத்தையே மருந்து இருந்த இடமாக எடுத்துக்கொண்ட சங்கிலி, கொட்டகையில் என்றது. வெப்பத்தில் கெட்டுப்போனது என்று எல்லாப் பெட்டிகளுக்கும் தடைக்குறி போட்டுவிட்டது.

ஊர்ப்பேச்சு எழுந்த பிறகு கிடங்குக்குள் இணையம் வந்துவிட்டது. பழியை எடுக்கத்தான் வழியில்லை. பழைய கண்ணி அப்படியே இருக்கும். அதன்மேல் திருத்தம் ஒன்றைச் சேர்க்கலாம், அதற்கும் மூன்று தரப்பும் ஒப்புக்கொள்ள வேண்டும். ஆஸ்பத்திரி ஒப்புக்கொண்டது. மாகாணக் கிடங்கும் ஒப்புக்கொண்டது. தலைநகர் அக்ராவில் இருக்கும் இறக்குமதியாளர், ஒருவருக்குத் திருத்தினால் நாளை எல்லோரும் கேட்பார்களே என்று வக்கீலிடம் யோசனை கேட்டுக்கொண்டிருந்தார். புதுச் சரக்கும் வரவில்லை.

வியாழக்கிழமை மத்தியானம் பிரசவ விடுதியின் தலைமைச் செவிலி பெனடிக்டா கையுறையைக்கூடக் கழற்றாமல் கிடங்கு வாசலில் வந்து நின்றாள். உள்ளே ஒரு பெண்ணுக்கு இரட்டைக் குழந்தை பிறந்திருக்கிறது, ரத்தம் நிற்கவில்லை, விடுதியில் இருந்த ஊசி தீர்ந்துவிட்டது.

எக்குவா ஏற்கெனவே அக்ரா இறக்குமதியாளருக்குப் போன் போட்டுக்கொண்டிருந்தாள். ஒலிபெருக்கியில் மணி அடித்துக்கொண்டே இருந்தது.

"பெட்டி வெளியிலயே போகலைன்னு உனக்குத் தெரியுமில்ல?"

"தெரியும், சிஸ்டர். நான்தானே உள்ள வச்சேன்."

"அப்ப போன்ல காட்டாமக் குடு. யாரு பாக்கப் போறா?"

எக்குவா குளிரறையின் வெப்பமானியைப் பார்த்தாள். ஊசிமருந்து வெளியே போகவே இல்லை. ஆனால் பதியாமல் கொடுத்தால் அதுவும் எங்கிருந்து வந்தது, எங்கே போனது என்று தெரியாத மருந்தாகிவிடும். அந்தத் தண்ணீர்ப் பெட்டியும், காகிதமெல்லாம் இருந்தும், அப்படி வழி தெரியாமல்தான் உள்ளே வந்தது. பதிந்தால், கெட்டுப்போனது என்று தெரிந்தே கொடுத்தவள் என்று அவள் பெயர் எல்லோருடைய திரையிலும் என்றைக்கும் நிற்கும்.

"பாக்கணும், சிஸ்டர். நாளைக்கு ஒருத்தர் பாக்கணும்" என்றாள். பெட்டியை எடுத்து பெனடிக்டாவின் கையில் வைத்தாள். செவிலி ஓடினாள்.

திரையில் சிவப்பு எழுத்தில் எச்சரிக்கை வந்தது: இது கெட்டுப்போன மருந்து, வழங்குபவர் பெயர் பதியப்படும், மாற்ற இயலாது. கீழே, தடையை மீறி வழங்குவதற்குப் பெயரும் காரணமும் எழுதச் சிறு கட்டம் இருந்தது. எக்குவா கம்பளிச் சட்டையின் கைகளை முழங்கை வரை ஏற்றிவிட்டுக்கொண்டு, தன் முழுப் பெயரையும் ஒவ்வொரு எழுத்தாக அடிக்கத் தொடங்கினாள். பக்கத்தில் அக்ராவில் யாரும் எடுக்காத மணி இன்னும் அடித்துக்கொண்டிருந்தது.