குப்பம்மா அக்காவின் இரண்டாவது தட்டு

காலையில் மலையேறி வந்த முதல் பஸ்ஸின் கண்டக்டர்தான் சொன்னார்: "உங்க குப்பம்மா போய்ட்டாங்க." "எங்க, செங்கத்துக்கா?" என்றேன். அவர் சிரிக்கவில்லை. அப்போதும் நான் நம்பவில்லை. போன மாதம்தான் டயரில் காத்து இல்லை என்று பொய் சொல்லி அந்தக் கண்டக்டரை இரண்டு தடவை இறங்க வைத்திருந்தேன். பழிக்குப் பழி என்று நினைத்தேன். பேக்கிங் கொட்டகையில் அக்காவின் முக்காலி காலியாக இருந்ததைப் பார்த்த பிறகே நம்பினேன். நெஞ்சுவலியாம். அக்காவாக இருந்தால் அதையும் இன்னொரு முறை விசாரித்திருப்பார்.

அவரோடு வேலை செய்த உங்களுக்குத் தெரியும். சாமையரிசியைப் பிளாஸ்டிக் தட்டில் கொட்டி, உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சிவிட்டு, சிலிண்டரிலிருந்து நைட்ரஜனை நிரப்பி, மேலே தாளைச் சூடுவைத்து ஒட்டும் அந்த மெஷின் நம் கூட்டுறவுச் சங்கத்துக்கு வந்தபோது ஊரே சந்தேகப்பட்டது. "வெஷக் காத்தா இன்னா?" என்று கேட்டார்கள். அக்காவின் சந்தேகம் வேறு. "காத்துக்கு நெறம் கெடையாது. உள்ள போச்சா இல்லியான்னு எப்படி நம்புறது?"

அதற்கு அவரே ஒரு வழி கண்டுபிடித்தார். தினமும் சாயங்காலம் கடைசித் தட்டில் உயிருள்ள வண்டு ஒன்றைப் போட்டு ஒட்டி, ஜன்னலோரம் வைப்பார். காலையில் வண்டு மூச்சுமுட்டிச் செத்து மல்லாந்து கிடந்தால் நைட்ரஜன் உள்ளே போயிருக்கிறது, லோடு போகலாம். நடந்தால் போகக் கூடாது. தட்டுக்குச் சீல் வைப்பது அவர் வேலை. என் வாய்க்குச் சீல் வைக்கத்தான் அவரால் முடியவில்லை.

மெஷினைக் கொடுத்த கம்பெனிக்காரர்கள் மூன்று மாதம் சோதனை என்று சொல்லியிருந்தார்கள். கடையிலிருந்து வண்டு பிடித்த ஒரு தட்டு திரும்பி வந்தாலும் மெஷினைத் தூக்கிக்கொண்டு போய்விடுவார்கள். மெஷின் போனால் எட்டுப் பெண்களின் வேலையும் போகும். அப்போதைய என் பதினேழு வயசுப் புத்திக்கு அதெல்லாம் எங்கே உறைத்தது? ஒருநாள் சாயங்காலம் ஜன்னலோரத் தட்டில் ஊக்கால் ஒரு குத்து குத்திவிட்டுப் போனேன்.

மறுநாள் காலை, "அக்கா, உங்க வண்டு வாக்கிங் போவுது!" என்று கத்தினேன். சிரிப்பார் என்று நினைத்தேன். அவர் லாரியை நிறுத்தினார்.

சங்கச் செயலாளர் ஓடி வந்தார். "ஒரு வண்டுக்காக லோடை நிறுத்துவியா? இன்னிக்கு சரக்கு போகலேன்னா மெஷினே இருக்காது. மேல கேட்டா உன் பேரைத்தான் சொல்லுவேன்!"

"சொல்லுங்க சார். லோடைப் பிரிங்க."

"நான்தான்க்கா குத்துனேன்" என்றேன்.

"தெரியும்டி. ஊக்கு ஓட்டை எனக்குத் தெரியாதா?" என்றார். பிறகு சாக்குக் குவியலுக்குப் பின்னால் கையை விட்டு இன்னொரு தட்டை எடுத்தார். அப்படி ஒன்று இருப்பது எங்கள் யாருக்கும் தெரியாது. தாளில் ஓட்டை இல்லை. ஒட்டில் கோளாறு இல்லை. உள்ளே வண்டு நன்றாக நடந்துகொண்டிருந்தது.

"இதையும் நீயா குத்துன?"

"இல்லக்கா, சத்தியமா."

சிலிண்டர் மேலிருந்த மீட்டரை விரலால் தட்டினார். பாதிக்கு மேல் நின்றிருந்த முள் சட்டென்று பூஜ்யத்தில் விழுந்தது. சிலிண்டர் எப்போதோ காலி. முள்தான் சிக்கிக்கொண்டிருந்தது. மெஷின் இரைச்சலில் வாயு நின்றதை யாரும் கவனிக்கவில்லை. நைட்ரஜன் வராததால் வெளிக்காற்றே திரும்ப உள்ளே புகுந்திருந்தது; அந்த லோடு முழுக்க வெறும் காற்று.

"முள்ளு பொய் சொல்லும் சார். வண்டு சொல்லாது" என்றார்.

புது சிலிண்டர் வந்து எல்லாவற்றையும் மறுபடி ஒட்டி அனுப்ப மூன்று நாளானது. கம்பெனிக்காரர்கள் முணுமுணுத்தார்கள். ஆனால் ஒரு தட்டுகூடத் திரும்பி வரவில்லை. மெஷின் இன்றும் இருக்கிறது. நாங்களும் இருக்கிறோம்.

"ரெண்டாவது தட்டு என் மேல சந்தேகப்பட்டா வெச்சீங்க?" என்று பிறகு ஒருநாள் கேட்டேன்.

"உன் மேல மட்டுமா? நான் தூக்கக் கலக்கத்துல சரியா ஒட்டாம வுட்டுட்டா? என்னையும் நான் நம்ப மாட்டேன்."

அக்காவின் காரியம் முடிந்த மறுநாள், அவர் கடைசியாக வைத்த இரண்டாவது தட்டைச் சாக்குக் குவியலுக்குப் பின்னால் தேடினேன். இல்லை. இடத்தை மாற்றியிருந்தார். கடைசியில் அவர் முக்காலியின் அடியிலேயே கிடைத்தது. வண்டு மல்லாந்து கிடந்தது. எல்லாவற்றையும் சரியாக வைத்துவிட்டுத்தான் போயிருக்கிறார்.

இப்போது அந்த முக்காலியில் நான் உட்காருகிறேன். சாயங்காலம் இரண்டு தட்டு வைக்கிறேன். ஒன்று ஜன்னலோரம். இன்னொன்று எங்கே என்று கேட்காதீர்கள். உங்களிலும் யார் கையிலாவது ஊக்கு இருக்கும்.